கடலுக்கென்று ஒரு கால் சுற்று

சங்கு குளிக்கப் போகும் படகு ஒன்றின் புரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மகள் பட்டறைக்குள் வந்தாள். காலை எட்டரை மணி இருக்கும். வழக்கமாக அவள் வந்தால் முதலில் ஸ்டூலைத் துடைப்பாள். பிறகு கண்ணாடி போடாமல் வேலை பார்க்கிறேன் என்று என்னைத் திட்டுவாள். அன்றைக்கு இரண்டும் இல்லை. துண்டில் சுற்றியிருந்த ஒன்றை மேசையில் வைத்துப் பிரித்தாள்.

"நட்டு இறுகிப் பிடிச்சிட்டுப்பா. மரையெல்லாம் தேஞ்சு போச்சு. இன்னைக்கே புதுசு வேணும்."

"இன்னைக்கேவா?"

"குளிர வைக்கிற நைட்ரஜன் கேன் பத்து மணிக்கு வந்துரும். நாளைக்கு அளக்குற கருவி வேற ஆளுக்குப் போவுது. இன்னைக்கு விட்டா அப்புறம் மூணு மாசத்துக்கு எனக்கு முறை கிடையாது."

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகுகளுக்கு ஷாஃப்ட், நட்டு, புஷ் கடைந்து கொடுப்பது என் தொழில். இதில் வரும் விஞ்ஞானமெல்லாம் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள் சொல்லி நான் விளங்கிக்கொண்டது. விளங்காததை விட்டுவிட்டேன், இட்டுக்கட்டவில்லை.

மேசையில் அவள் வைத்தது ஓர் உருளை. டீ கிளாஸ் உயரம், கனத்த சுவர், நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாத துளை. அந்தத் துளைக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு துணுக்குப் பொருளும் வைத்து, மேலிருந்து ஒரு தண்டால் அழுத்துவார்கள். அழுத்தம் இறங்கிவிடாமல் மேலே ஒரு நட்டைப் போட்டுப் பூட்டுவார்கள். நம்ம ஊரில் சங்கு குளிக்கிறவர்களுக்குப் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்திலேயே காது அடைக்கும். பூமியிலேயே மிக ஆழமான கடலின் அடித்தரையில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இந்த உருளைக்குள் இருக்குமாம். அத்தனையையும் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு நட்டுதான்.

"உள்ள என்னதான் வைக்கிற?" என்று கேட்டேன்.

ஒரு சின்னக் குப்பியைக் காட்டினாள். கடுகைவிடச் சிறிய கறுப்புத் துணுக்கு. ஊதினால் பறந்துவிடும்.

மின்சாரம் கம்பியில் போகும்போது கம்பி கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையால்தான் அயர்ன் பாக்ஸ் சுடுகிறது. சில பொருள்களை மிகவும் குளிர வைத்தால் அந்தத் தடை ஒரேயடியாக இல்லாமல் போய்விடும். குறைவதல்ல, இல்லாமலே போவது. அப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். என் மகள் ஆராய்வது தாமிர ஆக்சைடு மீக்கடத்தி. தாமிரம் என்றதும் செப்புக் குடம்போல மின்னும் என்று நினைத்திருந்தேன். இதுவோ அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கும் கீழே போனால்தான் இந்தத் துணுக்கு தடையை விடும். ஆனால் நன்றாக அமுக்கிப் பிடித்தால் அவ்வளவு குளிர் வேண்டாம், கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடும்.

அது ஏன் என்று முன்பு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டிருக்கிறேன். தட்டைக் காட்டித்தான் சொன்னாள்.

"இதுக்குள்ள தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்து தாள் தாளா அடுக்கியிருக்கும்ப்பா. நடுவுல வேற அடுக்கு. குழம்புல உப்பு கம்மின்னு வச்சுக்கோங்க. அமுக்குனா, பக்கத்து அடுக்குல கெடக்குற உப்பு தாமிர அடுக்குக்குள்ள எறங்குது. உப்பு ஏற ஏற ருசி. அளவு தாண்டிட்டா?"

"வாயில வைக்க முடியாது."

"அதேதான். முதல்ல அமுக்க அமுக்க நல்லது. ஒரு எல்லை தாண்டினா அமுக்குறதே கெடுதல். எவ்வளவு அமுக்குனா எத்தனை டிகிரி ஏறுதுன்னு படிப்படியா அளந்து கோடு போடணும். அதான் என் வேலை."

"உப்புன்னா நெசமாவே உப்பா?"

"இல்லப்பா. மின்சாரச் சரக்குன்னு வைங்க. உப்பளத்துக்காரங்க யார்ட்டயும் போய்ச் சொல்லிராதீங்க."

நட்டு செய்வதற்கான உலோகக் கம்பியை அவளே கொண்டுவந்திருந்தாள். தங்க நிறம். அதில் பெரிலியம் கலந்திருக்கிறது, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும் என்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கடைய வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, சீவல் ஒன்று விடாமல் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். எனக்கு ஒரு முகமூடியை மாட்டிவிட்டு, அது மூக்கோடு ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

பாதி வேலையில் ஷாஃப்டுக்குச் சொந்தக்காரரான படகு முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, என் ஷாஃப்டை எறக்கி வச்சிட்டு மகளுக்கு வளையல் கடையுதீங்களா?"

"அண்ணாச்சி, உள்ள வராதீங்க. தூசி ஆகாது," என்றாள் மகள்.

"சரி தாயி. சாயங்காலம் மாட்டும்போது கடலுக்குள்ளத மறந்துரக்கூடாது, சொல்லிட்டேன்," என்று வாசலிலிருந்தே எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது என்ன என்று சொல்ல வேண்டும். புரொப்பல்லர் நட்டை இறுக்கி, இதற்கு மேல் போகாது என்று ஸ்பேனர் நின்றதும் எங்கள் தொழிலில் நிறுத்த மாட்டோம். மூச்சைப் பிடித்து இன்னும் கால் சுற்று போடுவோம். அது கடலுக்கு. அலையும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து நட்டைக் கழற்றப் பார்க்கும். கீழே ஆட்கள் மூச்சுக்குழாயோடு சங்கு தேடிக்கொண்டிருக்கும்போது மேலே புரொப்பல்லர் கழன்று, படகு அலையில் இழுபட்டுப் போனால் என்ன ஆகும்? அதனால் அந்தக் கால் சுற்றை யாரும் விடுவதில்லை. முப்பது வருடத்தில் நான் விட்டதே இல்லை.

பத்தே காலுக்கு நட்டு முடிந்தது. உருளையில் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"நீங்களும் வாங்கப்பா. அங்கன வச்சு நட்டு இறுகிப் பிடிச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது."

அவள் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி புறவழிச்சாலைக்கு அப்பால், உப்பளங்களைப் பார்த்தபடி இருக்கிறது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவளுடைய அறை சின்னது. கையால் அடித்து ஏற்றும் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று, அதற்கு முன்னால் கனத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. பிரஸ்ஸின் மீட்டரில் ஓர் இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள்.

"இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினா உருளை வெடிச்சாலும் வெடிக்கும்."

துணுக்கோடு ஒட்டிய நாலு கம்பிகள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றோடு இன்னொரு கம்பியும் உள்ளே போகும். உருளைக்குள் உண்மையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று சொல்வது அந்தக் கம்பிதான். மூடும்போது அது அறுந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பப் பிரித்துக் கட்டினால் அரைநாள் போய்விடும்.

"பிரஸ் மீட்டரை வச்சே கணக்குப் போட்டுக்கிடுதேன்," என்றாள். "முந்தின தடவையெல்லாம் ரெண்டும் ஒத்துத்தான் வந்துச்சு."

தடுப்புக்குப் பின்னால் நின்று அவள் பிரஸ்ஸின் கைப்பிடியை அடித்தாள். முள் மெல்ல ஏறி, அவள் குறித்திருந்த அளவில் நின்றது. நான் தடுப்பின் ஓரமாகக் கையை நீட்டி நட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.

"தொட்டதும் நிறுத்திருங்க. இறுக்க வேண்டாம்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர். "ஆமா சார், பூட்டிட்டிருக்கோம் சார்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினாள். நான் நட்டைச் சுற்றினேன். தொட்டது. நிறுத்தினேன். நிறுத்தியதாகத்தான் நினைத்தேன்.

பிறகு உருளையை நைட்ரஜன் ஆவிக்குள் இறக்கிக் குளிர வைத்தாள். கணினித் திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தக் கோடு திடீரென்று கீழே விழுந்தது. துணுக்கு தடையை விட்டுவிட்டது.

மகள் எழுந்து நின்றாள். வெப்பமானியைச் சரிபார்த்தாள். சூடேற்றி, மறுபடி குளிர்வித்தாள். அதே இடத்தில் விழுந்தது.

"ரெண்டு டிகிரி கூட வருதுப்பா."

"ரெண்டுதானா?"

"ரெண்டுதானாவா? இந்த அழுத்தத்துல இவ்வளவு ஏறும்னு எங்க கணக்குல யாருக்கும் வந்ததில்ல. கோட்டை விட்டு மேல நிக்குது பாருங்க!"

பேராசிரியரைக் கூப்பிட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. அடுத்த படியையும் இன்றைக்கே அளந்துவிடு, அதுவும் இப்படி ஏறினால் மாநாட்டில் நீதான் பேசுகிறாய் என்றார். போனை வைத்துவிட்டு அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தபோது பார்த்த முகம்.

உருளையை வெளியே எடுத்து, பழைய சூட்டுக்கு வரட்டும் என்று மின்விசிறிக்கு முன்னால் வைத்தோம். அவள் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்ன உட்கார்ந்தோம்.

"உங்க நட்டு வந்த நேரம்ப்பா," என்றாள். "தொட்டதும் நிறுத்துனீங்கல்லா, அதுதான் முக்கியம். இதுல கொஞ்சம் கூடிட்டாலும் உள்ள அழுத்தம் ஏறிரும், மீட்டருக்குத் தெரியாது."

"ஆமா," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். நிறுத்தினேனா? நட்டு தொட்டது நினைவிருக்கிறது. ஸ்பேனரைக் கழற்றியது நினைவிருக்கிறது. நடுவில் மூச்சைப் பிடித்தேனா? கால் சுற்றைப் போட்டேனா என்று கேட்டால் நினைவில்லை. ஆனால் போடாமல் விட்டதாக என் வாழ்நாளில் ஒரு நினைவும் இல்லை. வலது தோளைத் தடவிப் பார்த்தேன். தொட்டதும் நிறுத்தியிருந்தால் அந்த இடம் விண்ணென்று இருக்காது.

பிள்ளைகளே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் ஒரு காகிதத்தில் அந்தப் புதுப் புள்ளியை வைத்து, அதற்கு மேலே எங்கே போகும் என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவேளை நான் போடவில்லையோ, ஒருவேளை அந்த ரெண்டு டிகிரி நிஜமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன். உருளையைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். வெளியே போய் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியே இரண்டு மணி நேரம் போனது.

மூன்று மணிக்கு உருளையை மறுபடி பிரஸ்ஸில் வைத்தாள். அடுத்த படிக்குப் போவது எப்படி என்றால், காலையில் ஏற்றிய அதே அளவுக்கு முதலில் அழுத்த வேண்டும். அப்போது பாரத்தைப் பிரஸ் வாங்கிக்கொள்ளும், நட்டு தானாகத் தளர்ந்துவிடும். அதன் பிறகு இன்னும் அழுத்தி மறுபடி பூட்ட வேண்டும்.

முள் காலையில் நின்ற இடத்துக்கு வந்தது.

"சுத்திப் பாருங்கப்பா."

ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை.

"லூசாகணுமே. நல்லா இழுங்க." அவள் மீட்டரைத் தட்டினாள். "போச்சு. உங்க நட்டும் பிடிச்சிட்டு."

"என் மரை பிடிக்காது."

"அப்போ ஏன் அசையல? கொஞ்சம் கூட்டுதேன்."

பிரஸ் கைப்பிடியை ஒரு தடவை அடித்தாள். முள் ஏறியது. "இப்போ?" அசையவில்லை. இன்னொரு தடவை. முள்ளுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் ஒரு நகக்கண் இடம்தான் இருந்தது. நட்டு ஏன் தளரவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பாரம் மீட்டர் காட்டுவதைவிட அதிகம். உண்மையான சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று இப்போது யாருக்குமே தெரியாது. அவள் மறுபடியும் கையை ஓங்கினாள்.

"ஏளா, நிறுத்து! கைய எடு!"

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டாள்.

"காலையில நீ போன்ல இருந்தேல்லா. அப்போ கால் சுத்து கூடப் போட்டுட்டேன் போல."

"போலயா?"

"போட்டுட்டேன்."

அவள் முள்ளைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சோறு திங்கும்போது."

அவள் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்து முள்ளைக் காலையில் இருந்த இடத்துக்கு இறக்கினாள். அதற்கும் கீழே இறக்கினால் பாரம் முழுவதும் மறுபடி நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். மேலே ஏற்றினால் உருளை தாங்குமா என்று தெரியாது. அங்கேயே வைத்துக்கொண்டு அந்தக் கால் சுற்றை மட்டும் கையால் திருப்பி எடுப்பது ஒன்றுதான் வழி.

"நான் எடுத்துருதேன். நீ வெளிய போ," என்றேன்.

"தனியா யாரும் இந்த ரூம்ல பிரஸ் ஓட்டக்கூடாது. விதி."

"ஏளா, சொன்னா கேளு."

"நீங்க கேட்டீங்களா?"

அவள் தடுப்புக்குப் பின்னால் வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தையும் தடுப்புக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னாள். இரண்டு கைகள் மட்டும்தான் அந்தப் பக்கம். ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டேன். வெடுக்கென்று இழுத்தால் மரை பிய்ந்துவிடும். அதனால் உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சாய்த்தேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. மின்விசிறி ஓடும் சத்தமும் அவள் மூச்சு விடும் சத்தமும் கேட்டன.

டக் என்று ஒரு சத்தம்.

வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தாள். பிறகு ஸ்பேனர் தானாகச் சுற்றுவது கையில் தெரிந்தது. நட்டு விட்டுக்கொடுத்திருந்தது.

"வந்துட்டு," என்றேன். "மெதுவா எறக்கு."

முள் பூஜ்யத்துக்கு வரும்வரை இருவரும் நகரவில்லை. அதன் பிறகு நட்டைக் கழற்றித் தண்டை எடுத்தேன். அது சுலபமாக வரவில்லை. உருளையின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு விரற்கடை கீழே, சுவரில் மெல்லிய கோடு. ஊசியை விட்டுத் தடவினால் நுனி தட்டியது. விரிசல். அந்த இடத்தில் துளை கொஞ்சம் வீங்கியும் இருந்தது. அவள் இன்னும் ஒரு தடவை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்.

அவளும் டார்ச் வாங்கிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் புள்ளி செல்லாது சார்... இல்ல, கணக்கு தப்பில்ல, அழுத்தம் எவ்வளவுன்னே தெரியாது சார்... உருளையும் போச்சு... உள்ள இருந்த கம்பி அறுந்தப்பவே நான் நிறுத்தியிருக்கணும் சார்... சரி சார். மாநாட்டுக்கு வேற யாரையாவது போட்டுக்கோங்க."

நான் போனுக்காகக் கையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பேசி முடித்து வைத்தாள்.

"எங்கப்பாதான் செஞ்சாருன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அந்தக் கம்பி இருந்திருந்தா நீங்க எத்தனை சுத்து போட்டாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு." நோட்டைத் திறந்தாள். "சுத்துனதுக்கு எனக்குக் கோபம் இல்லப்பா. சோறு திங்கும்போது தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் என் முகத்தைப் பாத்துட்டே இருந்திருக்கீங்க."

ஸ்பேனரின் பிடியிலிருந்து குழாயை உருவி ஓரமாக வைத்தேன். அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை.

அவள் இங்கிலீஷில் எழுதினாள். காலையில் வைத்த புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் நாலைந்து வரி எழுதிவிட்டு, நிமிராமலே எனக்குத் தமிழில் வாசித்தாள். புதிய நட்டு, அழுத்தக் கம்பி அறுந்தது, பூட்டும்போது நட்டு சுமார் கால் சுற்று அதிகமாக இறுக்கப்பட்டது, உருளையில் விரிசல்.

"சரியா?"

"சுமார் வேண்டாம்," என்றேன். "திருப்பி எடுக்கும்போது பார்த்தேன். கால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மி. இறுக்கம் விட்டப்ப ஸ்பேனர் கைப்பிடி அந்த சன்னல் கம்பிக்கு நேரா நின்னுச்சு. சுவர் மூலை வரைக்கும் போயிருந்தாத்தான் முழுக் கால் சுத்து."

அவள் எழுந்து வந்து பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். சன்னல் கம்பியைப் பார்த்தாள், சுவர் மூலையைப் பார்த்தாள். ஒரு கோணமானியை எடுத்து நட்டு இருந்த இடத்தில் வைத்து, "இங்கன ஆரம்பிச்சு, இங்கனயா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு நூல் இந்தப் பக்கம்."

'சுமார்' என்பதை அடித்துவிட்டு, கோணமானி காட்டிய எண்ணை எழுதினாள்.